மாங்கனி நாளில் முடிந்த கெடு

"அன்னைக்கு வாதி உங்க வீட்டுக்கு வந்தாரா, இல்லையா?"

கேட்டவர் எதிர்த்தரப்பு வக்கீல் ரெஜினா. குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த காகிதக் கட்டில் ஒரு தாளைப் புரட்டியபடியே கேட்டார்.

நான் சாட்சிக் கூண்டில் நின்றிருந்தேன். காரைக்கால் நீதிமன்றத்தின் அந்தக் கூண்டு எனக்குப் புதிதல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் அதற்கு எதிரே, நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்து, சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். அதில் ஏறியவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாட்சிகள் வியர்த்த கையால் பிடித்துப் பிடித்து வழவழப்பாகிப் போன அதன் கைப்பிடிக் கட்டையைத் தினமும் பார்த்திருக்கிறேன். அது நெஞ்சு உயரத்துக்கு வரும் என்பது மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டச்சு செய்யும் பெண் விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டிக்' என்றது. என் வக்கீல் தனசேகரன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பதில் அவருக்குத் தெரியும். என் பிரமாண வாக்குமூலத்தில் அவரே எழுதியதுதான். 'வரவில்லை.' ஒரே சொல்.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதிய சம்பவங்களில் எல்லாம் ஒரு நல்ல மனிதனாகவே வந்து போயிருக்கிறேன். திருநள்ளாற்றிலிருந்து ஒரு வாசகர், "மற்றவர்கள் வழக்கையே எழுதுகிறீர்களே, உங்கள் வழக்கு ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டிருந்தார். உண்டு. ஒன்றே ஒன்று. அதில் நான் பிரதிவாதி. இத்தனை வாரமாக அதைத் தள்ளிப்போட்டு வந்தேன்.

பட்டினத்து வீடு

திருமலைராயன்பட்டினத்தில் எனக்கு ஒரு வீடு இருந்தது. அப்பா வாங்கியது. காரைக்காலுக்குக் குடிவந்த பிறகு அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. ஒட்டினாற்போல் அடுத்த வீடு கமாலுதீனுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

கமால் என்னைவிட எட்டு வயது இளையவர். சிறு வயதிலிருந்தே என்னை 'அண்ணே' என்பார். நேரில் நான் அவரை ஒருமையில்தான் கூப்பிடுவேன். எழுதும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. இருபது வருஷம் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். மனைவி ஜுலைகா. ஒரே மகள் நஸீமா.

எங்கள் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில், பெண்ணுக்கு நிக்காஹ் பேசும்போது நகைக்கு முன்னால் வீட்டைப் பேசுவார்கள். பெண் புகுந்த வீடு என்று போவதில்லை. அவளுக்கென்று பெற்றவர்கள் கொடுக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளை வருவார். அந்த வீடு தாய் வீட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நிம்மதி.

அதனால் கமால் ஒரு நாள் என்னைத் தேடி வந்தபோது எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, மாப்பிள்ளை வீட்ல பேசி முடிச்சாச்சு. வீடு எங்கேன்னு கேக்குறாங்க. ஊர்ல நூறு வீடு விலைக்கு இருக்கலாம். எஞ் செவுத்தை ஒட்டி ஒண்ணுதானே இருக்கு?"

"சுத்தி வளைக்காம கேளு கமாலு."

"உங்க வீட்டை எனக்குக் கொடுங்கண்ணே. நஸீமாவுக்கு."

விலையில் இருவருக்கும் பேரம் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டேன். கிரய ஒப்பந்தத்தை நானே எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பத்திரத்தைத் திருத்தமாக எழுத முடிகிறது என்பதில் எனக்குப் பெருமை.

அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேரிடம் எழுத்தராக இருந்தவர். நொத்தேர் என்றால் பத்திரங்களை எழுதி உறுதி செய்யும் அதிகாரி. அங்கே இரு தரப்பையும் உட்காரவைத்து, பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்தாம். ஒரு முறை சுரக்குடியிலிருந்து வந்த ஒரு விவசாயி பாதியில் தூங்கிவிட்டார். அப்பா அவரை எழுப்பி, மறுபடி முதலிலிருந்து வாசித்திருக்கிறார். நொத்தேர் கோபித்துக்கொண்டாராம். "தூங்குனது அவருங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கெட்ட பேரு நமக்கு" என்றாராம் அப்பா.

நானும் கமாலுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். ஆறு மாதக் கெடு. அந்தத் தேதிக்குள் மீதித் தொகையைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்து. ஆறு மாதத்தை ஆங்கிலத் தேதியில் எண்ணிப் போட்டேன். அது என்ன நாள் என்று நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

"இன்ஷா அல்லாஹ், அதுக்கு முன்னாடியே முடிச்சுடுவோம்ணே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சிவப்பில் இல்லாத விடுமுறை

நாலைந்து மாதம் போயிருக்கும். துறைமுகம் வரப் போகிறது என்ற பேச்சு ஊரில் பலமானது. வாஞ்சூரிலிருந்து பட்டினம் வரை நிலத்துக்கு ஆள் தேடி வந்தார்கள். ஒரு தரகர் என் வீட்டுக்கும் வந்தார். பட்டினத்து வீட்டைப் பார்த்துவிட்டாராம். கமாலிடம் பேசியதைப் போல் ஒன்றரை மடங்கு சொன்னார்.

"ஒப்பந்தம் போட்டுட்டேனே" என்றேன்.

"கெடு இருக்குல்ல சார்? அது தாண்டட்டுமே. நான் என்ன நாளைக்கேவா கேக்குறேன்?"

அவர் போன பிறகு ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அந்தத் தேதி ஆனிப் பௌர்ணமி.

காரைக்கால்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனிப் பௌர்ணமி எங்களுக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் பவழக்கால் சப்பரத்தில் வீதி வருவார். இரு பக்கத்து வீடுகளின் மாடியிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குக் காரைக்காலுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை. பதிவு அலுவலகம் திறக்காது. ஆனால் நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டி எல்லாம் சிவகாசியில் அச்சாவது. அதில் அந்தத் தேதி கறுப்பில்தான் இருக்கும். நாலு கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டில் அது ஒரு சாதாரண வேலை நாள்.

அரசு வேலையில் இருந்தவனுக்கு அந்த விடுமுறை மறக்காது. இருபது வருஷம் சவூதியில் இருந்தவருக்குத் திருவிழா ஞாபகம் இருக்கும். அன்று எந்த அலுவலகம் திறக்கும், எது பூட்டும் என்பது எப்படி ஞாபகம் இருக்கும்?

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு கமால் போன் செய்தார்.

"அண்ணே, டிராஃப்ட் எடுத்தாச்சு. நாளைக்கே முடிச்சுடலாமா?"

"நாளைக்கு எனக்குச் சௌகரியப்படாது கமாலு. கடைசி நாள் இருக்குல்ல, அன்னைக்குக் காலையில ஆபீசுக்கு வந்துடு. பாத்துக்குவோம்."

"சரிண்ணே. ஜுலைகா வீட்டுக்கு என்ன வர்ணம் அடிக்கிறதுன்னு இப்பவே சண்டை போடுறா. நீங்களே வந்து ஒரு தீர்ப்பு சொல்லுங்க."

சிரித்தேன். போனை வைத்தேன்.

ஒப்பந்தத்தை நான் எப்போது மீறினேன் என்று நீதிமன்றத்தில் பிறகு பல விதமாக வாதம் நடந்தது. எனக்குத் தெரியும். அந்தப் போனில் மீறினேன்.

மாடியில் நின்றவன்

என் வீடு சப்பரம் வரும் தெருவில் இருக்கிறது. அன்று காலை சாரதா இரண்டு கூடைப் பழத்துடன் மாடிக்கு வந்தாள். சாரதா என் மனைவி. தெரு முழுக்கத் தலைகள். சேலை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு பெண்கள், குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆண்கள். வெயிலில் நசுங்கிய பழத்தின் வாசம் மாடி வரை ஏறியது.

சப்பரம் நெருங்கியதும் நானும் இறைக்க ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் பழம் பிடிக்காமல், ஒரு மஞ்சள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எதிர்த் திசையில் முட்டி மோதி வந்துகொண்டிருந்தார். யார் என்று புரிவதற்குள் என் கையிலிருந்து போன பழம் அவர் தோளில் பட்டுத் தெறித்தது.

கமால் நிமிர்ந்து பார்த்தார். நேருக்கு நேராக என் கண்ணைப் பார்த்தார். சிரித்தார். நான் விளையாட்டுக்கு அடித்தேன் என்று நினைத்திருக்கிறார். பையைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, ஆபீஸ் பூட்டிக் கெடக்கு! எல்லாம் கொண்டாந்துட்டேன்!" என்று கத்தினார்.

"கமாலு கூப்பிடுறாரு பாருங்க" என்றாள் சாரதா.

"கூட்டத்துல யாரு யாரைக் கூப்பிடுறாங்களோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சற்று நேரத்தில் கீழே கதவு தட்டப்பட்டது. சாரதா தாழ்ப்பாளில் கை வைத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் கையை எடுக்கவில்லை; திறக்கவும் இல்லை. அப்படியே நின்றாள். வெளியே மேளச் சத்தம். தட்டல் நின்று, மறுபடி கேட்டு, பிறகு ஒரேயடியாக நின்றது.

மறுநாள் காலை கமால் பதிவு அலுவலகத்தில் காத்திருந்த நேரத்தில், நான் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் வரிசையில் நின்றேன். 'கெடுவுக்குள் தாங்கள் தொகையுடன் வராததால் ஒப்பந்தம் ரத்தாகிறது. முன்பணம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.'

சட்டம் தந்த தைரியம்

ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால் அடுத்தவருக்குச் சட்டம் சில வழிகளை வைத்திருக்கிறது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம். சொத்தை வேறொருவருக்கு விற்காதபடி தடையுத்தரவு வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஈடெல்லாம் வேண்டாம், செய்கிறேன் என்று சொன்னதையே செய்து கொடு' என்று கேட்கலாம். நீதிமன்றத் தமிழில் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு.

இந்தக் கடைசி வழி எல்லா ஒப்பந்தத்துக்கும் கிடைக்காது. நான் வேலையில் இருந்தபோது வந்த ஒரு வழக்கு. கோட்டுச்சேரிப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்ட நாதஸ்வர கோஷ்டி, அதே முகூர்த்தத்தில் வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் இல்லை. யாரோ டேப் ரெக்கார்டரைப் போட்டார்களாம். அதன் நாடாவும் நடுவில் சிக்கிக்கொண்டதாம். பெண்ணின் தகப்பனார் வழக்குப் போட்டார். வழக்கு விசாரணைக்கு வரும்போது வருஷம் நாலு.

"உமக்கு என்னதான் வேணும்?" என்று நீதிபதி கேட்டார்.

"அவங்க வந்து வாசிக்கணுங்க, எசமான்."

"எதுக்கு? உம்ம பொண்ணுக்கு ரெண்டு புள்ளை ஆச்சுன்னு நீரே எழுதியிருக்கீரே?"

"ரெண்டாவதுக்குக் காதுகுத்து வருதுங்க."

நீதிமன்றமே சிரித்தது. ஒரு மனிதனின் மூச்சைக் கட்டாயப்படுத்தி வாசிக்க வைக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்று சொல்லி நஷ்டஈடு கொடுத்து அனுப்பினார்கள்.

வீடு அப்படி அல்ல. இந்த வீட்டுக்குப் பதில் இன்னொரு வீடு என்று சொல்ல முடியாது. கமால் கேட்டது அதைத்தான். முதல் காரியமாகத் தடையுத்தரவு வாங்கினார். தரகர் அதோடு காணாமல் போனார். அப்போதே நான் திருந்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் பணத்தாசை போய் வீம்பு வந்துவிட்டது. அத்துடன் எனக்குச் சட்டம் தெரியும் என்ற தைரியம். அப்போதிருந்த சட்டப்படி இப்படிப்பட்ட தீர்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்பதோடு முடிக்கலாம். மேலும், தான் கடைசி வரை தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததை வாதிதான் நிரூபிக்க வேண்டும். கெடு நாளில் அவர் வரவே இல்லை என்று நான் சொல்லிவிட்டால்?

தனசேகரனிடம் அப்படியே எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு இரண்டரை வருஷம் நடந்தது. காரைக்கால் சிறிய ஊர். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது கடைத் தெருவிலேயே தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் முதலில் முறுக்கினார்கள். பையன் பிடிவாதமாக நின்றதால் நிக்காஹ் நடந்தது. ஆனால் குடியிருக்க வீடு இல்லை. கமால் தன் வீட்டின் ஒரே அறையை மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்துவிட்டு, மனைவியுடன் கூடத்தில் படுத்துக்கொண்டார். விருந்துக்கு வந்த சம்பந்தியம்மாள், "வீட்டுக்கு மாப்பிள்ளை வருவாருன்னாங்க. இங்க மாப்பிள்ளைக்குத்தான் வீடு வரல" என்று நாலு பேர் முன்னால் சொன்னாராம். நஸீமாவுக்குக் குழந்தை பிறந்ததும் தொட்டிலையும் கூடத்தில்தான் கட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீடு பூட்டிக் கிடந்தது.

இதையெல்லாம் சாரதா மீன் வாங்கப் போகிற இடத்தில் கேட்டுக்கொண்டு வந்து, என்னிடம் ஒரு குரல் மாற்றமும் இல்லாமல் சொல்வாள். சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விடுவாள்.

கமால் சாட்சி சொன்ன நாளில் தனசேகரன் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"ஆயிரக்கணக்கான ஜனம். மாடியில நின்னவர் உங்களைப் பாத்தாருன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அண்ணன் பாத்தாருங்க."

"எந்த அண்ணன்?"

கமால் தயங்கி, என் பக்கம் கையைக் காட்டினார். "அவங்கதாங்க. பிரதிவாதி அண்ணன்."

எல்லோரும் சிரித்தார்கள். தட்டச்சுப் பெண்கூட வாயை மூடிக்கொண்டாள். நான் குனிந்துகொண்டேன். தோளில் பட்ட பழத்தைப் பற்றி இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அதைச் சொன்னால் நான் பார்த்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் சொல்லவில்லை.

பதினேழு

என் சாட்சியத்துக்குக் குறித்திருந்த காலை. சாரதா இட்லித் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அப்புறம் என்னையும் கூண்டுல ஏத்தப் போறாராமே உங்க வக்கீல்? யாரும் வந்து கதவைத் தட்டலன்னு சொல்லணுமாம்."

"ஒரு வார்த்தைதானே."

"எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு இல்ல. உங்க அக்காகிட்ட நகை விஷயத்துல எவ்வளவோ சொல்லியிருக்கேன். ஆனா இது வராது. பதினேழு தடவை தட்டுனாரு. தாழ்ப்பாள்ல கையை வெச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டிருந்தேன். கேட்டா பதினேழுன்னுதான் வாயில வரும். சட்னி போதுமா?"

போதும் என்றேன்.

அன்றைக்குத்தான் ரெஜினா அந்தக் கேள்வியைக் கேட்டார். கூண்டில் நின்றபடி எதிரே பார்த்தேன். வாதிகள் உட்காரும் பெஞ்சில் கமால் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து குழந்தையின் மருந்துப் பாட்டில் ஒன்று எட்டிப் பார்த்தது. வருகிற வழியில் வாங்கியிருப்பார்.

"சாட்சி பதில் சொல்லணும்" என்றார் நீதிபதி.

"வந்தாருங்க" என்றேன்.

தனசேகரன் நிமிர்ந்தார். தட்டச்சு ஓடவில்லை, அந்தப் பெண் நீதிபதியைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?" ரெஜினாவுக்கே நம்பிக்கை இல்லை. அடுத்து கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் 'வரவில்லை' என்ற பதிலுக்குத் தயார் செய்தவை.

"வந்தாரு. தொகையோட வந்தாரு. மாடியிலேர்ந்து நான் பாத்தேன். நான் எறிஞ்ச மாம்பழம் அவர் தோள்ல பட்டுச்சு. கதவைத் தட்டுனாரு. பதினேழு தடவை. நான் திறக்க விடல. அன்னைக்கு ஆபீஸ் லீவுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் அந்த நாள்ல வரச் சொன்னேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பிரமாண வாக்குமூலத்துல வேற மாதிரி இருக்கே?"

"அது பொய்ங்க அய்யா."

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதனால உங்களுக்கு என்ன வரும்னு தெரியுமா?"

"தெரியுங்க அய்யா. இதே ஹால்ல முப்பது வருஷம் இருந்தவன்."

நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சு ஓடியது. அந்தச் சத்தத்தை ஆயுள் முழுக்கக் கேட்டவன் நான். மூச்சு சீராக இருந்தது. இரண்டரை வருஷத்தில் அப்படி மூச்சு விட்டதாக நினைவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தனசேகரன் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எம் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வெச்சுக்குவேன்?"

"மன்னிச்சுக்குங்க" என்றேன். அவருக்கும் ஒரு அநியாயம் செய்திருந்தேன்.

தூணருகில் கமால் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பழம் பட்டதை நீ ஏன் சொல்லல கமாலு? சொல்லியிருந்தா அன்னைக்கே ஜெயிச்சிருப்பியே."

அவர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "வக்கீலம்மாகிட்டயே சொல்லலண்ணே. சொன்னா, அண்ணன் என்னைக் கல்லால அடிச்ச மாதிரி எழுதுவாங்க. எனக்கு வீடுதானே வேணும்."

பிறகு, "மருந்து குடுக்கணும். வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நானே போட்ட கையெழுத்து

தீர்ப்பு வந்தது. மீதித் தொகையைப் பெற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் கிரயம் செய்து கொடுக்க வேண்டும். கமாலின் வழக்குச் செலவையும் நானே கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் பணியாற்றிய ஒருவரே இப்படி நடந்துகொண்டதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கடுமையான பத்தி. என்மேல் தனியாக நடவடிக்கை எடுக்காமல் விட்டார்கள். எடுத்திருந்தாலும் நான் முறையிட்டிருக்க மாட்டேன்.

தனசேகரன் பெரிய மனதுடன் போன் செய்தார். "அப்பீலுக்குப் போகலாம் சார். ரெண்டு மூணு வருஷம் இழுக்கும்."

"வேணாம்."

"சும்மா இருந்தாலும் போதும். அவங்க நிறைவேற்று மனு போடணும், கோர்ட்டே உங்களுக்குப் பதிலா பத்திரத்துல கையெழுத்துப் போடணும். அதுக்கே ஒரு வருஷம் ஆகும்."

அவர் சொன்னது உண்மைதான். பிரதிவாதி மறுத்தால் அவன் இடத்தில் நீதிமன்றமே எழுதிக் கொடுக்கும். அப்படிப்பட்ட பத்திரங்களை நானே தயார் செய்திருக்கிறேன். விற்றவன் பெயர் இருக்கும்; அவன் கையெழுத்து இருக்காது. அந்த மாதிரி ஒரு தாளோடு நஸீமா அந்த வீட்டில் குடியேறக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த வாரமே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். சாதாரண ஒரு புதன்கிழமை. கதவு விரியத் திறந்திருந்தது. கிரயம் நஸீமாவின் பெயரில். கமால், இடுப்பில் குழந்தையுடன் ஜுலைகா, நஸீமா, நான், சாரதா.

"முழு சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்குறீங்களா?" என்று சார்பதிவாளர் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"முழு சம்மதத்தோடங்க" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பெருவிரலை மையில் ஒற்றி ரேகையும் வைத்தேன். சாவியை எடுத்து நஸீமாவின் கையில் கொடுத்தேன். மன்னித்துக்கொள்ளம்மா என்று சொன்னேன்.

அவள் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, மழை பெஞ்சா அந்த வீட்ல எங்கே ஒழுகும்?"

"கேளுடி கேளு" என்றார் கமால். "விக்கிறவங்க குறையெல்லாம் சொல்லிடணுமாம் சட்டப்படி. வக்கீலம்மா சொன்னாங்க."

"அடுப்படியில, மேற்கு மூலையில" என்றேன். "ரெண்டு ஓடு மாத்தணும். பெரிய மழைன்னா கூடத்து உத்தரத்துக்கிட்டயும் சொட்டும்."

"கெணறு?" இரண்டரை வருஷத்தில் ஜுலைகா என்னிடம் பேசிய முதல் சொல் அது. முகத்தில் சிரிப்பில்லை.

"கோடையில உப்பு தட்டும். ஐப்பசி மழைக்கு அப்புறம் நல்லாயிடும். குழந்தைக்கு அந்தத் தண்ணி வேணாம், குழாய்த் தண்ணியே குடுங்க."

"கரையான்?"

"இருக்கு. கொல்லைக் கதவு நிலையில. அந்தக் கதவோட மேல் தாழ்ப்பாள் சரியா விழாது. விழுந்த மாதிரி தெரியும், விழுந்திருக்காது. கீழ்த் தாழ்ப்பாளைத்தான் போடணும்."

ஜுலைகா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இன்னும் என்ன என்பது போல் பார்த்தார். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து மேலே சொல்லிக்கொண்டு போனேன். மாடிப்படியில் மூன்றாவது படி ஆடும். தெரு அறையின் ஜன்னல் கம்பி ஒன்று கையோடு வரும். மின்சாரப் பெட்டியில் இடது பக்கச் சுவிட்சை ஈரக் கையால் தொடக் கூடாது. அவர்கள் கேட்டதையெல்லாம் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் பெஞ்சை விட்டு எழுந்தேன்.